முன்வரிசைக்குப் போகும் வழி

குளத்து மைதானத்தில் தவளையின் ராக் கச்சேரி என்றால் கூட்டம் நெரியும். அன்று சாயங்காலமும் பழைய ஹிட் பாட்டு ஒவ்வொன்றுக்கும் முயல்களும் அணில்களும் குதித்துக் கூத்தடித்தன. கடைசி வரிசையில் ஓர் ஆமை மட்டும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு கல் மாதிரி கிடந்தது. தவளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூங்குவதற்கு இதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

"அடுத்தது ஒரு புதுப் பாட்டு!" என்று தவளை அறிவித்தது. மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பாட்டு அது. முதல் வரி முடிவதற்குள் கூட்டம் மொத்தமும் கடலைக் கடைக்கு ஓடிவிட்டது.

"விட்டுட்டுப் பழசையே எடுப்போமா?" என்று டிரம்ஸ் வாசிக்கும் மரங்கொத்தி கிசுகிசுத்தது.

தவளை தலையாட்டப் போன நேரத்தில் ஆமையின் தலை வெளியே நீண்டது. காலி மைதானத்தில் அது மேடையை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"நிறுத்திடாதீங்கண்ணே!" என்று அங்கிருந்தே கத்தியது. "பழைய பாட்டுக்கு நடுவுல வந்தா என்னை மிதிச்சே கொன்னுடுவாங்க. புதுப் பாட்டுக்குத்தான் வழி கிடைக்குது. ஒருநாளாவது முன்னாடி நின்னு கேக்கணும்!"

தவளை பாடியது. கடைசி வரி வந்தபோது ஆமை பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. கடலைப் பொட்டலங்களோடு கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது.

தவளை மைக்கை இறுக்கிப் பிடித்தது. "அதே புதுப் பாட்டு, மறுபடியும் முதல்லேருந்து!"

கூட்டம் முனகிக்கொண்டே கடலைக் கடைக்குத் திரும்பியது. ஆமை நடையை எட்டிப் போட்டது.