ஆரம்பித்தவள் காலைத் தூக்கணும்

“அந்த போனைத் தூக்கி உள்ள வையடி. முறைச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தா அடிச்சிடுமா?” என்றாள் கார்மெல்.

அட்ராக்டா மனசில்லாமல் போனைத் தன் பிடில் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். “கிளோடா காலையில அதுல என்னமோ பண்ணி வச்சிருக்கா. இனிமே காதுல விழலைன்னு நீ சொல்லவே முடியாதும்மான்னு சிரிக்கிறா” என்றாள்.

மகள் சிரித்ததில் நியாயம் இருந்தது. அட்ராக்டாவுக்குப் போன் அடித்துப் பேசியவர்கள் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலேயே குறைவு. ஆனால் இன்றைக்கு அப்படி விட முடியாது. இசை விழாக் குழுக்காரர் ஐந்து மணிக்குள் கூப்பிடுவார். எடுத்துச் ‘சரி’ என்று சொன்னால் சனிக்கிழமைப் பெரிய மேடை இந்த நாலு பெண்களுக்கு. எடுக்காவிட்டால் வழக்கம்போல மெஸ்கல் சகோதரர்களுக்கு. போன வருஷம் அந்தத் தடியன்கள் பெரிய மேடையில் குதித்தபோது, இவர்கள் கார் நிறுத்துமிடத்தில், தொத்திறைச்சி வண்டிக்குப் பக்கத்தில் வாசித்தார்கள். வெங்காயப் புகையில் அழுதுகொண்டே வாசித்ததை, உருகி வாசித்ததாக யாரோ பத்திரிகையில் எழுதிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாலரை மணி. மாட்டியின் மதுக்கடையில் கூட்டம் சேர்ந்திருந்தது. டிம்ப்னா புல்லாங்குழலைத் துடைத்தாள். நோரீன் கையால் அமுக்கி வாசிக்கும் தன் சின்னத் துருத்திப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினாள். கார்மெல் ஹாம் சாண்ட்விச் தட்டை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அட்ராக்டா குனிந்து வில்லை முறுக்கிக்கொண்டிருந்தபோது பிடில் ஒலி எழுந்தது. எல்லோருக்கும் பிடித்த துள்ளல் மெட்டு. நிமிர்ந்து பார்த்தால் கார்மெலின் வில் ஓடிக்கொண்டிருந்தது. டிம்ப்னா சேர்ந்தாள், நோரீன் சேர்ந்தாள், அட்ராக்டாவும் சேர்ந்தாள். ஒருத்தி மெட்டு எடுத்தால் மற்றவர்கள் கேள்வி கேட்காமல் சேர்ந்துகொள்வதுதான் அங்கே மரியாதை.

முடிப்பதற்கும் ஒரு மரியாதை உண்டு. ஆரம்பித்தவள்தான் முடிக்க வேண்டும். அவள் காலைச் சற்றே தூக்கினால் இந்தச் சுற்றோடு சரி என்று அர்த்தம். அதுவரை சுற்றிச் சுற்றி வாசிக்க வேண்டியதுதான். அடுத்தவள் மெட்டை முடித்துவைப்பது, அடுத்தவள் தட்டில் கை வைப்பது மாதிரி. அட்ராக்டா ஒரு தடவை அறியாமல் கார்மெலின் மெட்டை முடித்துவிட்டாள். ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலம் நாற்பது நாளும் கார்மெல் பேசவில்லை. கோயிலில் எல்லோரும் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில்கூட இவளைத் தாண்டி இவள் புருஷனுக்குத்தான் கை கொடுத்தாள்.

ஆகவே அட்ராக்டா கார்மெலின் காலைப் பார்த்தாள். கால் தரையில் வேர் விட்டிருந்தது. இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று. கார்மெலோ இவளையே உற்றுப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். என்ன திமிர் இவளுக்கு என்று அட்ராக்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த இரைச்சலில் போன் அடித்தால் எவளுக்குக் கேட்கும்?

தாடையால் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். கார்மெலும் தாடையால் அதே கடிகாரத்தைக் காட்டினாள். நேரம் தெரிந்தும் நிறுத்த மாட்டேன் என்கிறாளே! அட்ராக்டா இருமினாள், கண்ணடித்தாள், புருவத்தை மேலும் கீழும் ஆட்டினாள். பக்கத்து மேஜையில் இருந்த ஜெர்மன்காரர் தனக்குத்தான் என்று நினைத்துக் கையசைத்தார்.

கூட்டத்துக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. மாட்டி கண்ணாடிக் குவளைகளைப் பொறுக்குவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நோரீனின் தோள்கள் தொங்கிப்போயின. டிம்ப்னா முகம் பீட்ரூட்டாகி, நீலம் பாரித்து, கடைசியில் குழலை மடியில் போட்டுவிட்டுச் சாய்ந்தாள். அவளோடு மெட்டும் தடுமாறி விழுந்தது. கடை அதிரக் கைதட்டினார்கள். ஐந்தாக இன்னும் ஒரு நிமிஷமோ என்னவோதான் இருந்தது.

அட்ராக்டா வில்லை மேஜையில் போட்டாள். “உனக்குக் கால்ல என்னடி, வாதமா? கொஞ்சம் தூக்கினா என்ன?”

“என் காலை எதுக்குடி பார்க்கிற?” என்று கார்மெலும் வில்லைப் போட்டாள். “நீ எடுத்த மெட்டை நான் எப்படி முடிக்கிறது?”

“நானா எடுத்தேன்? நீதானே எடுத்தே!”

“என் வாய் நிறைய ஹாம். பிடில் சத்தம் கேட்டுத்தான் சாண்ட்விச்சைக் கீழே வச்சேன். மாதா மேல சத்தியம்.”

நோரீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இங்க இருக்கிறதே ரெண்டு பிடில்தானே?” என்றாள்.

அப்போது அதே மெட்டு மறுபடியும் எழுந்தது. இரண்டு வில்லும் மேஜை மேல் அசையாமல் கிடந்தன. ஒலி பெஞ்சுக்கு அடியிலிருந்து வந்தது.

அட்ராக்டா மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே, அவள் அடுக்களையில் வாசித்ததை மகள் பதிவு பண்ணி அழைப்பு மணியாக வைத்திருந்த போன், விழாக் குழுக்காரரின் பெயரைக் காட்டிக்கொண்டு முழு வீச்சில் வாசித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையில் எடுப்பதற்குள், பழக்கதோஷம், மற்ற மூவரும் சேர்ந்துகொண்டுவிட்டார்கள்.

அட்ராக்டா போனைக் காதில் அழுத்திக்கொண்டு, ஆரம்பித்தவள் என்ற முழு உரிமையோடு காலைத் தூக்கினாள்.