பல் பதிந்த இடம்

"டோக்கன் எங்கே?"

நகராட்சி அதிகாரி கேட்டது டெய்லரை. பார்வை மட்டும் அவள் காலடியில் நின்ற பட்டன் மேல் இருந்தது. பட்டன் என்பது நாய். கண் இரண்டும் கறுப்புப் பித்தான் மாதிரி இருக்கும். தையல்காரி வேறென்ன பெயர் வைப்பாள்?

"நாய் லைசென்சுக்கு எழுதிக் கொடுத்தாச்சு சார். தடுப்பூசி போட்டாத்தான் டோக்கன் தருவாங்களாம். ஊசி போடற கால்நடை டாக்டர் லீவு. அடுத்த வாரம்தான் வர்றாராம்."

"ஆக, இன்னிக்கு இல்ல. டோக்கன் இல்லேன்னா தெரு நாய். ஏத்துப்பா."

கம்பி வளையத்தோடு ஓர் ஆள் வண்டியிலிருந்து குதித்தான். ஏற்கெனவே உள்ளே போனவை ஊளையிட்டன. டோக்கன் இல்லாமல் அந்த வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததாகத் தெருவில் யாருக்கும் நினைவில்லை.

"ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா சார்? இது யாரையும் ஒண்ணும் பண்ணாது."

"இதைச் சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கலம்மா."

எதிர்வீட்டுக்காரி பக்கத்தில் நின்றவளின் முழங்கையை இடித்தாள். "வண்டிக்கு யார் போன் போட்டிருப்பாங்கன்னு தெரியாதாக்கும். நாய் முடி பறக்குதுன்னு தினம் தினம் கத்தறது யாரு?"

இரண்டு பேரும் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார்கள். பின்பக்க அறையை டெய்லருக்கு வாடகைக்கு விட்டவள். கைகட்டி வாசல்படியில் நின்றாள். தெருவில் அவள் பெயர் ஹெட்மிஸ்ட்ரஸ். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவள் இல்லை. வாயே பிரம்பு, அதனால் வந்த பட்டம். பொய் சொல்ல மாட்டாள், அடுத்தவர் சொன்னாலும் விடமாட்டாள். நகராட்சி ஒட்டும் நோட்டீஸை எல்லாம் முழுக்கப் படிக்கும் ஒரே ஜீவன்.

வளையம் வீசப்பட்டது. பட்டன் தலையைக் குனிந்து நழுவியது. டெய்லரின் கால் நடுவே புகுந்து, படியேறி, வீட்டுக்காரம்மாவைத் தாண்டி, நேராக அவள் சமையலறைக்குள் ஓடியது.

வளையக்காரனும் பின்னாலேயே பாய்ந்தான்.

"நில்லுப்பா. அந்தச் சேற்றுக் காலோட என் வீட்டுக்குள்ள வரலாம்னு எந்தச் சட்டம் சொல்லுது?"

சொல்லிவிட்டு அவளே உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

டெய்லர் ஓடிப்போய்க் கதவில் கையை வைத்துக்கொண்டாள். "அம்மா, திறக்காதீங்கம்மா. இனிமே அது முன்பக்கமே வராம பார்த்துக்கறேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. பட்டன் ஒரு தடவை குரைத்தது.

"அம்மா, நாயை ஒளிச்சு வெச்சா உங்க மேலயும் கேஸ் வரும்" என்றார் அதிகாரி.

கதவு திறந்தது. ஒரு கையில் பட்டனின் கழுத்துக் கயிறு. மறு கையில், மணிக்கட்டுக்கு மேலே, புள்ளி புள்ளியாக ரத்தம்.

"பாருங்க. பல்லு எப்படிப் பதிஞ்சிருக்குன்னு எல்லாரும் நல்லாப் பாருங்க."

டெய்லர் பதறிப்போனாள். "பட்டனா? இருக்காதும்மா. பிஸ்கட்டைக்கூட வலிக்குமோன்னு கடிக்கற ஜென்மம் அது."

"அப்போ இது ரத்தம் இல்லையா? சாயம் பூசிக்கிட்டு வந்து நிக்கறேனா?"

அதிகாரி கண்ணைச் சுருக்கினார். "கடி மாதிரி தெரியலையே. வரிசை வரிசையால்ல கீறியிருக்கு?"

"ஸ்கேல் வெச்சு அளந்து பாருங்களேன். அதுக்குள்ள மிச்ச ரத்தமும் போய்ச் சேரட்டும்."

அதிகாரி பின்வாங்கினார். வளையக்காரன் தலையைச் சொறிந்தான். "சார், கடிச்ச நாயை ஏத்தக் கூடாதுன்னு நம்ம நோட்டீஸ்லயே போட்டிருக்கே."

அதிகாரி உச்சுக்கொட்டினார். "ஆமாய்யா. வெறி இருக்கான்னு தெரியற வரைக்கும் மத்ததோட சேர்க்கக் கூடாது. தனியா கட்டி, பத்து நாள் உயிரோட வெச்சுப் பார்க்கணும். எங்ககிட்ட தனிக் கூண்டு காலி இல்ல. இங்கேயே கட்டிப் போடுங்க. நீங்க இன்னிக்கே ஊசி போட்டுக்கணும்மா, தெரியுதா?"

"ரத்தம் சிந்தறதும் நான், காவல் காக்கறதும் நானா? நல்லா இருக்கு உங்க சட்டம்."

எதிர்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லா வேணும். தொலைச்சுக்கட்டப் பார்த்தாங்க, அவங்க தலையிலயே கட்டிட்டாங்க."

வண்டி கிளம்பியது. டெய்லர் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"வாயில்லா ஜீவன்மா. அதுக்குக் கடிநாய்னு பேர் வாங்கிக் கொடுத்துட்டீங்க. நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

"தாராளமா. போறதுக்கு முந்தி, அந்த டாக்டர் வந்ததும் முதல் ஆளா போய் ஊசியைப் போட்டு டோக்கனை வாங்கித் தொலை. இன்னொரு தடவை என் வாசல்ல அந்த வண்டி நிக்கக் கூடாது."

கதவைச் சாத்திவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். குளித்துவிட்டு வந்த கணவர், நடந்ததை ஜன்னல் வழியே பாதி கேட்டுவிட்டு, பஞ்சும் கையுமாக அங்கே நின்றார்.

"உடனே கிளம்பு ஆஸ்பத்திரிக்கு. நாய்ப்பல்லு பட்டா விளையாட்டில்ல."

"நாய்ப்பல்லுன்னு நான் எப்போங்க சொன்னேன்?" என்றபடி குழாயைத் திறந்து, தொட்டியில் கிடந்த கேரட் துருவியின் பல்லில் ஒட்டியிருந்த ரத்தத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.