துவைக்காத சட்டை

மகனைப் புதைத்த நாளிலிருந்து எஸ்தர் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும் என்று அவள் புருஷன் வேதமுத்து ஒரு கிளிக்குஞ்சு வாங்கி வந்தான். அது கூண்டு மூலையில் ஒடுங்கிக்கொண்டு, கை நீண்டாலே அலறியது. ஊறவைத்த கடலையைத் தொடவேயில்லை. “வீட்டு ஆளுங்க உடுத்துன துணி ஒண்ண, துவைக்காம உள்ள விரிங்க. வாசம் பழகிட்டா ஆளும் பழகிரும்” என்றார் கிளி விற்றவர். இவர்கள் துணியெல்லாம் துவைத்துக் கொடியில் கிடந்தது. பீரோவின் அடித்தட்டில், பாலித்தீன் பையில் இறுக்கி முடிந்து, மகனின் சட்டை ஒன்று அழுக்காகவே இருந்தது. வேதமுத்து அதை எடுத்து விரித்தான். சாயங்காலம் குஞ்சு சட்டைக் காலருக்குள் தலையை நுழைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. துணியெங்கும் எச்சம். வெறும் பையைப் பிடித்தபடி எஸ்தர் வந்து நின்றாள். “அத நான் துவைக்கவே இல்லீங்களே.” “அதனாலதான் எடுத்தேன்” என்றான் வேதமுத்து, அவள் பேசிவிட்ட சந்தோஷத்தில். அவள் கூண்டுக்குள் கையை விட்டாள். குஞ்சு அலறவில்லை, தானாகவே உள்ளங்கையில் ஏறிக்கொண்டது. அதை மூக்கருகே கொண்டுபோய், இறகு இறகாக விலக்கி முகர்ந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். குஞ்சைச் சுற்றி விரல்களும் மெதுவாக மூடிக்கொண்டே வந்தன.