பிறை தெரிந்தால் படகு வரும்

"ஏலே மஹ்மூது, கடல் இம்புட்டுத் தூரமாடா வத்தும்? கண்ணுக்கெட்டுன வரைக்கும் பொட்டுத் தண்ணியக் காணோமே!"

மணலில் குந்தியிருந்த மருதுபாண்டி அழாத குறையாகக் கேட்டான். பதினேழு வயது, கடலுக்குப் புதுசு. பக்கத்தில் அவர்களுடைய சின்னப் படகு ஒருக்களித்துக் கிடந்தது.

"அமாவாசை கழிஞ்ச வத்தம் அப்பிடித்தான் இருக்கும். வெள்ளம் ஏறுனா சரியாயிரும்" என்றான் மஹ்மூது. அவனுக்கும் அதே வயதுதான். ஆனால் பாம்பன்காரன், கடலைப் பற்றி எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொன்னதே இல்லை.

முந்தின ராத்திரி வலை போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு நீல வெளிச்சம் அடித்தது. அதோடு இருவருக்கும் நினைவு போயிற்று. விழித்துப் பார்த்தால் இந்த மணல்திட்டு.

"அது என்ன வெளிச்சம்டா? ருஷ்யாக்காரன் போன வருசம் ஆகாசத்துல ராக்கெட்டு ஏவி விட்டானே, அதுவா?"

"போடா கிறுக்கா! தலைமன்னார் கப்பல் விளக்கு. அது கிளப்புன அலைதான் நம்மள இங்கன தூக்கிப் போட்டிருக்கு."

"மண்ணு ஏன் இம்புட்டுச் செவப்பா இருக்கு?"

"தேரி மண்ணுன்னா செவப்பாத்தான்டா இருக்கும்!"

மருது எரிச்சலோடு எழுந்து ஒரு குதி குதித்தான். ஆள் உயரத்துக்கு எழும்பி, மெதுவாக வந்து இறங்கினான். அவனுக்கே பயமாகிவிட்டது.

"பசியில உடம்பு லேசாயிருச்சு" என்றான் மஹ்மூது. "எனக்கும் அப்பிடித்தான் இருக்கு. நோன்பு வச்ச உடம்பு வேற."

பாம்பன் பக்கம் கடற்கரை மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். இங்கே இடுப்பளவு தோண்டியும் ஈரம்கூட இல்லை. படகில் இருந்த குடத்தில் ஒரு மடக்குத் தண்ணீர்தான் மிச்சம்.

"நீ குடிச்சிரு மருது. எனக்குத்தானே நோன்பு."

"நீ காஞ்சு கெடக்கையில எனக்கு மட்டும் தொண்டையில எறங்குமாக்கும்! பொழுது அடையட்டும், பாதிப் பாதி. ஆமா, நம்மள யாருடா வந்து கூட்டிட்டுப் போவா?"

"அதுக்குத்தான்டா பிறை தெரியணும். இன்னைக்குத் தெரிஞ்சா நாளைக்குப் பெருநாள். தொண்டிப் பக்கம் தொழிலுக்குப் போன நம்மாளுக படகெல்லாம் ராவோட ராவா ஊர் திரும்பும். இந்தத் திட்டைத் தாண்டித்தான் வரணும். தெரியலைன்னா இன்னைக்கு ஒருத்தனும் வர மாட்டான். தண்ணியில்லாம நம்ம கதை அம்புட்டுத்தான்."

மருது கையெடுத்துக் கும்பிட்டான். "கருப்பா, இவுக பிறையக் கண்ணுல காட்டிருப்பா!" என்று வாய்விட்டே குலசாமியை வேண்டினான்.

பொழுது அடைந்தது. ஆளுக்குப் பாதி மடக்கு குடித்தார்கள். பிறகு படகின் மேல் ஏறி நின்று மேற்கே பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

"தெரிஞ்சிருச்சு! பிறை தெரிஞ்சிருச்சுடா மருது! பொழைச்சோம்!"

மஹ்மூதுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. துஆ கேட்கக் கையேந்தினான்.

மருதுபாண்டியோ பிறைக்குச் சற்று மேலே விரலை நீட்டியபடி வாயைப் பிளந்து நின்றான்.

"மஹ்மூது... அங்கன இன்னொரு நிலாவும் நிக்கிதேடா. ரெண்டு பிறை தெரிஞ்சா உங்களுக்குப் பெருநாள் என்னைக்கு?"