வேலுச்சாமி தேடிய பக்கம்

அது முப்பத்தெட்டாம் வருசமா, அதற்கு அடுத்ததா என்பது நிச்சயமில்லை. தேனியில் வேலுச்சாமியின் போட்டோ ஸ்டுடியோவுக்குள் கருத்தம்மாள் வந்து நின்றபோது அவன் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான் என்பது மட்டும் நிச்சயம்.

பேர்பெற்ற போட்டோக்காரர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய இங்கிலீஷ் புத்தகம். ஏலக்காய் வியாபாரி ராஜமணி மதுரைக்குப் போகும்போதெல்லாம் இப்படி ஒன்றைத் தேடி வாங்கிவருவார்.

"இம்புட்டும் படிச்சு என்னப்பா பண்ணப் போற? சீமைத் தொரைகளப் படம் எடுக்கவா?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அவர்.

வேலுச்சாமி அடுத்த பக்கத்தைப் புரட்டினான். பெரிய ஆளாகும் ஆசையில் படிக்கிறான் என்றுதான் ஊரும் நினைத்தது. அவனோ புகழையும் பரிசையும் புரட்டித் தள்ளிவிட்டு, கெட்டுப்போன படத்தகடுகளைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தில் பென்சிலோடு நின்றுவிடுவான்.

"மொதல்ல அந்தக் கூப்பாட்ட நிறுத்து. சந்தையில உம்பேரே 'மூடி உருவியாச்சு'ன்னு ஆயிப்போச்சு" என்று சிரித்தார் ராஜமணி.

படப்பெட்டிக்குள் செருகிய கண்ணாடித் தகட்டின் மூடியை உருவினால்தான் அதில் வெளிச்சம் விழும். அதை உருவியதும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அவன் படமெடுப்பான்.

வாசலில் கருத்தம்மாளைக் கண்டதும் ராஜமணி சிரிப்பை நிறுத்தி, துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார். கருத்தம்மாளும் அவள் மருமகன் வேலுச்சாமியும் பேசி ஆறு வருசம்.

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எவ்வளவோ தடுத்தாள் கருத்தம்மாள். கல்யாணமான நாற்பதாம் நாள், ஓடைப்பட்டி வீட்டு முற்றத்தில் மனைவி ராமுத்தாயை உட்கார வைத்து வேலுச்சாமி படம் எடுத்தான். மறுநாளே அவளுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. எட்டாம் நாள் போய்விட்டாள்.

"எம்மக உசுர அந்தப் பொட்டிக்குள்ள உறிஞ்சிட்டான்" என்று ஊர்கூடி நின்ற இடத்தில் மண்ணை வாரித் தூற்றினாள் கருத்தம்மாள். அன்றும் அதற்குப் பிறகும் அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

இப்போது அவள் சுவரைத் தடவிப் பிடித்துத் தரையில் உட்கார்ந்தாள். 

"கண்ணுல பொரை விழுந்துருச்சு மாப்ள. அவ மொகம் நெனப்புல நிக்க மாட்டேங்குது. மூக்குத்தி எந்தப் பக்கம் போட்டிருந்தாங்கிறதே மறந்துபோச்சு."

அவன் புத்தகத்தை மூடினான்.

"வஞ்சதையெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீக. கண்ணு அவியிறதுக்குள்ள எம்மகளை ஒருக்கா காட்டுங்க."

வேலுச்சாமி உள்ளே போனான். திரும்பி வர நேரமானது. கையில் பட்டுத்துணியில் சுற்றிய கண்ணாடித் தகடு இருந்தது.

கருத்தம்மாள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். திருப்பிப் பிடித்தாள். முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தாள். அதன் வழியே தெருவில் போகும் வண்டி மாடுகள் வேலுச்சாமிக்குத் தெரிந்தன.

"ஒண்ணுமே தெரியலையே மாப்ள. எங்கண்ணுதேன் முழுசாப் போயிருச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவள் நம்பிவிடுவாள். வேலுச்சாமி அவள் கையிலிருந்த தகட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கண்ணு இல்ல அத்த. அன்னைக்கு அவளையே பாத்துக்கிட்டு, மூடிய உருவ மறந்துட்டேன்."