தேதி போடாத செக்

ராகலையில் லீக்ஸ் பயிரிடும் மாயாண்டி, பசளைக் கடை முதலாளி சப்ராஸிடம் கடனுக்கு வாங்கிய உரத்துக்காக, தேதி போடாமல் கையெழுத்திட்ட செக்கைப் பிணையாகக் கொடுத்திருந்தார். சப்ராஸ் தேதி போட்டு வங்கியில் கொடுத்தபோது, அது கணக்கில் காசில்லாமல் திரும்பி வழக்கானது.

இன்று மாயாண்டி நீதிமன்றத்தில் கடைசித் தவணையையும் கட்டினார். வாசலில் சப்ராஸ் செக்கைக் கிழித்து அவர் கையில் கொடுத்தார்.

"இனி யாருக்கும் தேதி போடாம செக் குடுக்காதீங்க மாயாண்டி."

வீட்டில் மனைவி நாகலெட்சுமி, அடுப்பில் போடுவதற்காகச் செக் புத்தகத்தை எடுத்தாள்.

"என்னங்க, அந்த செக் இதுலயே இருக்கு. நாளைத் தேதி வேற போட்டிருக்கீங்க."

மாயாண்டி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். கிழித்த துண்டுகள் அப்படியே இருந்தன. புத்தகத்திலும் அதே இலக்கம், அவருடைய கையெழுத்து. தாளைத் திருப்பினார். காசில்லையென்று வங்கி அடித்த முத்திரையின் ஈர மை அவர் பெருவிரலில் ஒட்டியது.