சண்முகவேலுக்கு ஆபரேஷன்

"ஏலே சண்முகவேலு, பச்சை வாளி குடுக்காகளா, செவப்பு வாளியா? செவப்புன்னா கேட்டு வாங்கு, அதுதான் கெட்டியா இருக்கும்."

ஆண்டிச்சாமி கேட்டதும் பலசரக்குக் கடை வாசலில் நின்ற நாலைந்து பேரும் சிரித்துவிட்டார்கள். புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்த சண்முகவேல் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைக்குப் பின்னால் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அவன் அம்மா தங்கம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொள்கிறவனுக்குத்தான் வாளி கொடுப்பார்கள். அவள் மகனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். இன்னும் ஒரு பிள்ளைகூட இல்லை.

பரளச்சியில் ஓர் ஆம்பளை தனியாக நர்சம்மாவைத் தேடிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். திங்கட்கிழமை சண்முகவேல் போனான். சிவப்பு முக்கோணம் வரைந்த சுவருக்கு முன்னால் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். அப்புறம் உள்ளே போய், தலையைக் குனிந்துகொண்டு குசுகுசுவென்று என்னமோ சொன்னான்.

"இதுக்குப் போயி வெக்கப்படலாமா? வியாழக்கிழமை மத்தியானம் வாங்க, பாத்துருவோம்" என்றாள் நர்சம்மா. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. எதிரே டீக்கடை. அப்புறம் ஊருக்குத் தண்டோராவா போட வேண்டும்?

கடை வாசலில் ஆள் கலைந்ததும் தங்கம்மாள் மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு பேசுறது நெசமா?"

"என்ன பேசுது?"

"நீ ஆபரேஷன் பண்ணிக்கிறப் போறியாம்."

"பேசுனா பேசிட்டுப் போறாக."

"இல்லைன்னு சொல்லித் தொலையேன்!"

அவன், மூட்டை பிரிக்க வேண்டும் என்று எழுந்து போனான். மருமகள் விஜயகனியைக் கேட்டால், "அவுககிட்டயே கேளுங்க அத்தை" என்று அடுப்படிக்குள் போய்ப் புகுந்துகொண்டாள்.

தங்கம்மாள் வாயில் ஒரு சேதி அரை நாள் தங்கியதாகச் சரித்திரம் இல்லை. அடுத்த வீட்டு ஆடு குட்டி போட்டால்கூட, ஆட்டுக்காரிக்கு முன்னால் இவள்தான் ஊருக்குச் சொல்வாள். அப்பேர்ப்பட்டவள் இந்தச் சேதியை மட்டும் குழாயடியில் முட்டி மோதி மறுத்தாள். "எம்மகன் சிங்கக்குட்டி. அவனைப் பத்திப் பேசுற வாயில கொள்ளிக்கட்டையை வைப்பேன்" என்று குடத்தை ஓங்கினாள். எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு, அவள் போன பிறகு சிரித்தார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு ஜக்கம்மாள் ஓடி வந்தாள்.

"மதினி, இங்க உக்காந்து வத்தலா கிள்ளுறீக? ஒங்க மகன் போயிட்டான், நர்சம்மாகிட்ட! மருமகளும் கூடவே போறா!"

தங்கம்மாள் விளக்குமாற்றை எடுத்தாள். வெயிலையும் பார்க்கவில்லை, செருப்பையும் பார்க்கவில்லை. பின்னால் ஜக்கம்மாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். அதில் ஒருத்தி கஞ்சிக் கும்பாவைக் கீழே வைக்கவும் மனசில்லாமல் குடித்துக்கொண்டே வந்தாள்.

"எல்லாரும் வெளியிலயே நில்லுங்கடி. என் மானம் போறதை நான் மட்டும் பாத்துக்கிறேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சண்முகவேல் சட்டை கசங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கட்டிலில் படுத்திருந்தவள் விஜயகனி. அவள் கையில் பட்டையைச் சுற்றி, நர்சம்மா ரத்தக்கொதிப்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓங்கிய விளக்குமாறு அந்தரத்தில் நின்றது.

"ஆபரேஷன் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. பிள்ளை இல்லாதவருக்கு எவன் ஆபரேஷன் பண்ணுவான்?" நர்சம்மா முதல் தடவையாகக் குரலைத் தணித்தாள். "ஒங்க மருமக முழுகாம இருக்காங்கம்மா. எப்பக் கூட்டிட்டு வரலாம்னு கேக்கத்தான் அன்னைக்கு இவர் வந்தார்."

தங்கம்மாளின் வாய் அகலத் திறந்தது. சண்முகவேல் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, கத்திராத. போன ரெண்டு தடவையும் நாள் தள்ளுன மறுநாளே தெருவெல்லாம் சீனி குடுத்த. கலைஞ்சு போனப்பறம், ஒவ்வொருத்தியா வீடு தேடி வந்து 'என்னாச்சு, எப்படியாச்சு'ன்னு இவளைப் போட்டுக் கொன்னாளுக. இவ வாசப்படி தாண்டவே எத்தனை நாளாச்சு, மறந்துட்டியா? அதான், ஆபரேஷன்னே பேரு இருக்கட்டும்னு விட்டுட்டேன். வவுறு தெரியுற வரைக்கும் இங்க வந்து போறதை யாரும் ஏன்னு கேக்க மாட்டாக."

"என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல?"

"ஒன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இவ்வளவும்."

விஜயகனி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மாமியாரின் வாயையே பார்த்தாள். முட்ட வருகிற மாட்டைப் பார்க்கிற பார்வை.

கதவு தடதடவென்று இடிபட்டது. "மதினி! என்னாச்சு மதினி? சொல்லுங்க மதினி!"

சேதி தங்கம்மாளின் நாக்கு நுனியில் நின்று குதித்தது. அவள் மருமகளைப் பார்த்தாள். கதவைத் திறந்தாள். விளக்குமாற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, படியில் தொப்பென்று உட்கார்ந்து, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி மாரில் அடித்துக்கொண்டாள்.

"போச்சேடி ஜக்கம்மா, எங்குலமே போச்சேடி! எம்மகன் ஆபரேஷன் பண்ணிக்கிட்டானேடி! புண்ணு ஆறுற வரைக்கும் மாசாமாசம் ரெண்டு பேரும் சோடியா வந்து காட்டிட்டுப் போணுமாம்டி!"